கடவுச்சொல் மறந்த வீடு

(காரங்காட்டுக் கரையில் இளைஞரும் மீனவக் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்குள் படகு செலுத்துவோர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வந்து படகேறுவோர் கண்ணுக்கு அங்குள்ள நீர்க்கால்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். இருமருங்கும் கண்டல் மரங்கள். இடையே கலங்கல் நீர். எந்தக் கால் விரிந்து பாக்கு நீரிணையின் திறந்த கடலைச் சேரும், எந்தக் கால் குறுகிச் சேற்றில் முட்டி நிற்கும் என்பதைக் கழியூன்றிப் பழகிய உள்ளூராரே அறிவர். அவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தந்தை மகனுக்குக் காட்ட, மகன் தன் மகனுக்குக் காட்ட, வழிவழி வருவது. காட்டாமலே ஒருவர் கண்மூடிவிட்டால் நீர்க்கால் அங்கேயே இருக்கும். கடவு மட்டும் மறைந்துபோகும்.

கடவு என்பது நல்ல தமிழ்ச்சொல். கடந்து செல்லும் வழி என்பது அதன் பொருள். அயல்நாடு செல்வோர் கையில் வைத்திருக்கும் ஏட்டை ஈழத்தமிழர் கடவுச்சீட்டு என்றே வழங்குகின்றனர். அவ்வேரில் கிளைத்ததே கடவுச்சொல். வாய்நிறையச் சொல்லத்தக்க இச்சொல் இருக்க, 'பாசுவேர்டு போட்டாயா?' என்று கேட்கும் வழக்கம் இன்று காரங்காட்டிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. அதுபற்றி வருந்துவதற்கு வேறு பொழுது உண்டு. இன்று பேசப்படுவது அதனினும் நெருங்கிய ஓர் இடர். வீட்டுக் கணினியைப் பூட்டிய சொல் மறந்துபோனால், அல்லது அச்சொல்லை அறிந்தவரே வீட்டில் இல்லாது போனால், செய்யத்தக்கது யாது?

மறைவாக வழங்கும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு இலக்கணத்திலேயே இடங்கொடுத்தது நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். ஆனால் குழூஉக்குறிக்கும் இன்றைய கடவுச்சொல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குழூஉக்குறியை ஒரு குழு முழுவதும் அறியும். ஒருவர் மறந்தால் மற்றவர் சொல்வார். கடவுச்சொல்லை ஒருவரே அறிவார். அவ்வொருவர் மறந்தால், மறைந்தால், கேட்பதற்கு ஆளில்லை. இடர் தொடங்குவது இங்கேதான்.

திருவள்ளுவர் ஆண்டு 2042-இல், அஃதாவது 2011 செப்டம்பரில், தமிழ்நாட்டு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. கணினியைக் கண்ணாலும் கண்டிராத பல கடற்கரை வீடுகளுக்குள் முதற்கணினி நுழைந்தது அவ்வாறுதான். அப்படிப்பட்ட வீடொன்றைக் கருதுக. பன்னிரண்டாம் வகுப்பில் மகள் பெற்ற கணினி. படிப்பு முடிந்து அவள் மணமாகிப் போய்விட்டாள். தம்பி அதை எடுத்துத் தன் சொல்லை இட்டுப் பூட்டினான். பின்னர் அவனும் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்றான். தந்தையின் பழைய படகு, பாட்டியின் முகம், அக்காளின் மணநாள் ஆகிய படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் உள்ளன. படகுக்குரிய ஆவணங்களின் படிகளும் அதற்குள்தான். ஈராண்டு கழித்து விடுப்பில் வந்த மகன் கணினியைத் திறந்தான். தான் வைத்த சொல் அவனுக்கே நினைவில் இல்லை. நாள்தோறும் நான்கு இலக்க எண்ணைத் தட்டியே திறந்து பழகியவனுக்கு, அவ்வெண்ணுக்குப் பின்னே ஒரு முழுச்சொல் இருந்ததும், கணினி ஒருநாள் அதைக் கேட்கும் என்பதும் மறந்தே போயிற்று. இது கற்பனை வீடுதான். எனினும், தம் வீட்டை இதில் காணாதார் இவ்வவையில் சிலரே இருத்தல் கூடும்.

கணினியின் வயிற்றுக்குள் அச்சொல் எங்கோ எழுதப்பட்டிருக்குமே, அதைத் தேடி எடுத்துவிடலாமே என்பது பலர் நினைப்பு. அந்நினைப்புப் பிழையானது. முன்னாளில் அப்படித்தான் இருந்தது. 1960-களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் பங்கிட்டுப் பயன்படுத்திய ஒரு பெருங்கணினிக்குக் கடவுச்சொல் முறை அமைக்கப்பட்டது. எல்லார் சொற்களும் ஒரே கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. ஒருநாள் இரு கோப்புகள் இடம்மாறிப் போயின. கணினிக்குள் நுழைந்தோர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்கு மாறாக அனைவருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்து நின்றன! பூட்டுக்காரனே தெருவில் நின்று எல்லா வீட்டுத் திறவுகோலையும் அள்ளி வீசினாற்போன்ற நிலை அது.

அன்றுமுதல் பட்டறிந்த கணினியாளர் வேறு வழி கண்டனர். இராபர்ட்டு மோரிசு, கென் தாம்சன் என்னும் இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வுரை அவ்வழியை விளக்கிற்று. கடவுச்சொல்லைக் கணினி வைத்துக்கொள்வதே இல்லை. அரைத்து மாவாக்கி அம்மாவை மட்டுமே வைத்துக்கொள்கிறது. மறுநாள் சொல்லைத் தட்டும்போது அதையும் அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கிறது. நெல்லை அரிசியாக்கி மாவாக்கலாம்; மாவை மீண்டும் நெல்லாக்க முடியுமோ? ஆகலின் மறந்துபோன சொல்லைக் கணினியிடம் கேட்பதிற் பயனில்லை. அது மறைக்கவில்லை, அதற்கே தெரியாது. இவ்வரைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் இரு மாவும் ஒன்றுபோல் அமையாதிருக்கும்பொருட்டு, ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகள் சிலவற்றைக் கலந்து அரைப்பர். கணினியாளர் அக்கலவைக்கு இட்ட பெயர் உப்பு! உப்புக்காற்றில் வாழும் நெய்தல் நில மக்களுக்கு இப்பெயரை விளக்க வேண்டுவதில்லை.

சொல்லை மீட்க முடியாது என்றால் கணினியைக் குப்பையில் எறிவதா என்றால், வேண்டா. சொல்லை மீட்பது வேறு; பூட்டை மாற்றுவது வேறு. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் இணையக் கணக்கைக் கொண்டு திறக்கும் விண்டோசுக் கணினியாயின், செல்பேசியிலிருந்தே அந்நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, பதிவுசெய்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் காட்டிப் புதுச்சொல் வைத்துக்கொள்ளலாம். வளைகுடாவுக்குப் போனவன் தன் பழைய செல்பேசி எண்ணைக் கைவிட்டிருந்தால் அவ்வழி அடைபடும். எண் மாற்றுவோர் இதை முதலிற் கருதவேண்டும். கணினிக்குள்ளேயே அமைந்த கணக்காயின், 2018 முதல் வந்த விண்டோசுப் பதிப்புகள் அக்கணக்கை அமைக்கும்போதே மூன்று வினாக்களைக் கேட்டு விடைகளை வாங்கிக்கொள்கின்றன. தவறான சொல்லை ஒருமுறை தட்டினால் அவ்வினாக்களுக்குச் செல்லும் வழி திரையில் தோன்றும். அதே கணினியில் மேலாளுரிமை பெற்ற வேறொருவர் கணக்கிருந்தால் அவரும் சொல்லை மாற்றித் தரலாம். ஆனால் பிறர் அவ்வாறு வலிந்து மாற்றும்போது, பழைய சொல்லோடு பிணைத்துத் தனியே மறையாக்கம் செய்யப்பட்ட கோப்புகள் திறவாது போதல் உண்டு. ஆகலின் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசோடு 'பாசு' என்னும் இலினக்சு இயங்குதளமும் இருந்தது. அது நடுவணரசின் சீடாக்கு நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள், தமிழிலும் முகங்காட்டுவது. இலினக்சில் கணினி தொடங்கும்போதே மீட்புமுறைக்குள் நுழைந்து, சொல்மாற்றும் ஆணையை இட்டுப் புதுச்சொல் வைப்பது சில மணித்துளி வேலை. இவ்வளவு எளிதா என்று வியப்போர், எளிதாயிருப்பதன் கரணியத்தையும் எண்ணவேண்டும். மறையாக்கம் செய்யப்படாத கணினியில் கடவுச்சொல் என்பது கதவுக்கு இட்ட பூட்டு மட்டுமே, சுவர் இல்லை. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் உள்ளிருக்கும் கோப்புகளை அப்படியே படித்துவிடலாம். திருடனுக்கு வாய்ப்பாவது இதுவே. சொல் மறந்த வீட்டுக்கு உயிர்காப்பதும் இதுவே. பழைய கணினியைப் பழுதுபார்ப்பாரிடம் கொண்டுசெல்வோர், 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன்' என்று அவர் சொல்லுமுன், 'முதலிற் படங்களை எடுத்துத் தாருங்கள்' என்று சொல்ல மறத்தல் கூடாது. பெரும்பாலான வீடுகளில் படங்கள் அழிவது சொல் மறந்ததால் அன்று. அதன்பின் காட்டிய விரைவினால்தான்.

புதுக்கணினிகளின் நிலை வேறு. அவற்றில் வன்தட்டு முழுவதுமே மறையாக்கம் செய்யப்படுகிறது. விண்டோசு 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்போடு வரும் கணினியை மைக்ரோசாப்டுக் கணக்கால் தொடங்கினால், வீட்டார் கேளாமலே அது நடந்துவிடும். இங்கே சுவரும் உண்டு, கூரையும் உண்டு. வன்தட்டைக் கழற்றினாலும் பயனில்லை. இதற்கென ஒரு மீட்புத்திறவு உண்டு. ஆறாறு இலக்கங்களாய் எட்டுத் தொகுதிகள். ஆக 48 இலக்கங்கள். அத்திறவு பெரும்பாலும் அக்கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அத்திறவும் இல்லை, கணக்கும் திறவவில்லை என்றால், மைக்ரோசாப்டு நிறுவனமே முயன்றாலும் அத்திறவை மீண்டும் உண்டாக்கித் தர இயலாது. படங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கும், பார்ப்பார் எவருமிலர். எனவே, புதுக்கணினி வாங்கிய அன்றே செய்யத்தக்க முதல் வேலை, அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதிவைப்பதே.

எந்தச் சொல்லாயினும் உடைத்துத் தருவதாகக் கூறும் மென்பொருள்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பல, வந்த வீட்டையே கொள்ளையிடுவன. பிறர் கணினியைத் திறக்கத் துணிவோர் இன்னொன்றும் அறிக: வஞ்சக எண்ணத்தோடு பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவோர்க்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை உண்டு.

இனி, சொல்லை அறிந்தவர் இறந்துவிட்டால் நேர்வதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி நார்வே நாட்டில் நடந்தது. மொழிப்பற்றுடையோர் அனைவரும் அறியத்தக்க நிகழ்ச்சி அது. நெடுங்காலம் தேன்மார்க்கின் ஆளுகையில் இருந்தமையால் நார்வேயின் எழுத்துமொழியாக தேனிய மொழியே வீற்றிருந்தது. உழவர் வீட்டில் 1813-இல் பிறந்த ஈவார் ஓசன் என்பார், நாடெங்கும் கால்நடையாய்த் திரிந்து நாட்டுப்புற மக்களின் வாய்மொழியைத் திரட்டினார். 1848-இல் அதற்கு இலக்கணம் வகுத்தார். 1850-இல் அகரமுதலி வெளியிட்டார். அம்முயற்சியில் முளைத்த எழுத்துமொழி 1885-இல் மற்றதற்கு நிகரான ஏற்பைப் பெற்றது. அவர் பெயரால் அமைந்த மொழிபண்பாட்டு நடுவத்துக்கு, பேராசிரியர் இரைதார் யூபெடால் என்பாரின் நூற்றிரட்டு வந்துசேர்ந்தது. ஏறத்தாழ 11,000 நூல்களும் கையெழுத்துப் படிகளும் கொண்ட திரட்டு அது. அத்தனைக்குமான பட்டியல் கணினியில் ஏற்றப்பட்டுக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. ஏற்றியவர் அச்சொல்லை எவர்க்கும் கூறாமலே இறந்துபட்டார்.

நூல்கள் கண்முன்னே, எந்நூல் எங்குள்ளது என்னும் பட்டியலோ பூட்டுக்குள்! 2002-இல் அந்நடுவத்தார் நாணாமல் உலகத்தாரிடமே உதவி வேண்டினர். பல நாடுகளிலிருந்து விடைகள் வந்து குவிந்தன. சொல்லும் கிடைத்தது. அது வேறொன்றுமன்று, யூபெடால் என்னும் அப்பேராசிரியரின் குடும்பப் பெயரைக் கடையெழுத்திலிருந்து முதலெழுத்துவரை தலைகீழாய் எழுதியதே! பூட்டு வலுவற்றதாய் இருந்ததால் ஒரு மொழியின் கருவூலம் பிழைத்தது. இன்றைய மறையாக்கத்தால் அது பூட்டப்பட்டிருந்தால் எத்தனை நாட்டார் முயன்றிருந்தாலும் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே. ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்கக் கொடுத்த இனம், ஊழிக்காலத்துக்குப் பின்னும் எஞ்சியவற்றை எடுத்துப் படித்தது. ஏனெனில் ஓலையில் எழுத்து வெளிப்படையாய் இருந்தது. இற்றைத் தமிழறிஞர் வீட்டுக் கணினிகளில் உறங்கும் அச்சேறாக் கட்டுரைகளையும் சொற்றொகுப்புகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். செல் அரிக்காது, ஆனால் சொல் ஒன்று இல்லையெனில் எல்லாம் இல்லை.

இனித் தமிழுக்கே உரிய ஓர் இடருக்கு வருவோர் முதலிற் காண்பது பெயர் எழுதும் பிழையை. ஆதார் ஆவணத்தை இணையத்திலிருந்து இறக்கினால் அக்கோப்பு பூட்டியே வரும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய வடிவில், அவற்றையடுத்துப் பிறந்த ஆண்டு; இதுவே திறவுசொல். எளிதென்று தோன்றும். தமிழரசி என்னும் பெண்ணைக் கருதுக. பதிந்தவர் 'டி'யோடு 'எச்சு' சேர்த்தாரா, சேர்க்கவில்லையா? நான்கெழுத்தில் ஒன்று மாறினாலும் கோப்பு திறவாது. தன் பெயர் தனக்கே புதிராகிறது! தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் கடவுச்சொல்லாக வைப்போர் அனைவர்க்கும் இதே நிலைதான். ழகரத்துக்கு ஒருநாள் ஓரெழுத்து, மறுநாள் ஈரெழுத்து. நெடிலுக்கு இன்று இரட்டித்தல், நாளை ஒற்றை. சொல்லை மறவாதார்கூட எழுத்தை மறந்து வெளியே நிற்கின்றனர்.

அப்படியாயின் தமிழெழுத்திலேயே தட்டலாமே என்பது இயல்பான வினா. தட்டலாம், ஆயினும் ஆங்காங்கே கதவடைப்பு உண்டு. இயங்குதளம் எழும்புமுன் கேட்கப்படும் சொல்லுக்குத் தமிழ் விசைப்பலகை பொதுவாய் அங்கே வந்திருக்காது. இணையத்தளங்கள் பலவும் ஆங்கில எழுத்தன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியை வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் இக்குறையைக் கேட்டுத் திருத்த வேண்டிய கடமை மென்பொருள் ஆக்கும் தமிழ் இளைஞர்க்கு உண்டு. இன்னொரு நுட்பமும் அவர் அறியத்தக்கது. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாய் அமைக்கலாம். ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று; எகரக்குறியும் காலும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருள் அவற்றை முன்னரே ஒருமைப்படுத்தாவிடின், அரைத்துவரும் மாவு வேறாகிக் கதவு திறவாது.

இதற்கு இடைக்கால வழியொன்று உண்டு. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி நிலைபெற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கைப்பழக்கமாய் அறிந்தோர், கணினியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டே தமிழ்ச்சொல்லை விரலால் தட்டலாம். 'தமிழ்' என்று விரல்கள் நடந்தால் எல், கே, எசு, சாய்கோடு, எஃப் என்னும் ஐந்து குறிகள் உள்ளே செல்லும். நினைவில் நிற்பது தமிழ். கதவு ஏற்பதோ அதற்குப் பழகிய எழுத்து. ழகரம் ஓரெழுத்தா ஈரெழுத்தா என்னும் குழப்பம் இங்கே இல்லை.

எச்சொல்லை வைப்பது? தமிழ்ப்பற்றுடையார்க்கு முதலில் தோன்றுவது குறளடியாகவே இருக்கும். அது வேண்டா. குறள் இணையமெங்கும் கிடப்பது. உடைப்போர் பட்டியலிலும் கிடக்கும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த சொல் வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்று 2003-இல் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்துக்காக நெறி வகுத்தவர் பில் பர் என்பார். அவரே 2017-இல் அவற்றுட் பலவற்றுக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். நீளமே வலிமை என்பது இற்றைக் கருத்து. 1995-இல் ஆர்னால்டு இரைன்கோல்டு என்பார் காட்டிய வழி, பகடை உருட்டிச் சொல் பொறுக்குவது. ஐந்து பகடைகள் ஒருமுறை உருண்டால் 7,776 சொற்களுள் ஒன்று கிடைக்கும். அவ்வாறு ஐந்து சொல் கோத்தால் பிறக்கக்கூடிய தொடர்களின் தொகை 20 இலக்கம் கொண்ட எண். தமிழ் அகரமுதலியைக் கண்மூடிப் பிரித்து ஐந்து பக்கங்களில் ஐந்து சொல் பொறுக்குவது வீட்டளவுக்குப் போதும். திமில், உலக்கை, கச்சான், நுங்கு, கொன்றை என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள் வந்தால் இன்னும் நன்று. சிரித்துக்கொண்டே நினைவில் வைக்கலாம். இங்கே சொல்லிவிட்டமையால் இவ்வைந்தையும் எவரும் வைத்தல் கூடாது!

எவ்வளவு நல்ல சொல்லாயினும் மறதிக்கு முன் நில்லாது. ஆகலின் எழுதிவைக்க வேண்டும். எழுதுவது தீது என்று அலுவலகங்களில் சொல்வர். அலுவலகத்துக்கு அது சரி. அங்கே மேசையருகே பலர் நடமாடுவர். வீட்டின் நிலை வேறு. காரங்காட்டு வீட்டின் கணினியை உடைக்க முனைவோன் கடலுக்கப்பால் இருப்பவன். அவன் பரணேறித் தாளைத் தேடப்போவதில்லை. கணினிக்குரிய சொல், மின்னஞ்சலுக்குரிய சொல், 48 இலக்க மீட்புத்திறவு, பதிவுசெய்த செல்பேசி எண் ஆகியவற்றைத் தாளில் நல்ல மையால் எழுதி, உப்பீரம் புகாதபடி நெகிழியுறையில் இட்டு, படகின் பதிவுச்சான்றும் நிலப்பட்டாவும் இருக்கும் எவர்சில்வர் ஏனத்திலேயே வைக்கவேண்டும். கணினியை மூடும் பையில் வைப்பது அறியாமை. திருடனுக்குத் திறவுகோலையும் சேர்த்துக் கொடுப்பதாகும். அத்தாளைப் பற்றி வீட்டில் குறைந்தது இருவர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் தாயாக இருத்தல் நன்று. எழுத்தறியாத் தாயாயினும் ஏனம் எங்கே என்று அறிவாள்.

ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும் நாளில் அத்தாளை வெளியே எடுத்து, சொல் வைத்தவரல்லாத வேறொருவர் அதைப் பார்த்துக் கணினியைத் திறந்து காட்டட்டும். திறந்தால் தாள் மீண்டும் ஏனத்துக்குள் போகட்டும். திறவாவிட்டால், சொல் வைத்தவன் அருகில் இருக்கும்போதே, வளைகுடாவுக்கு வானூர்தி ஏறுமுன்னே, அன்றே திருத்தி எழுதவேண்டும். ஒன்றுமட்டும் கருத்தில் இருக்கட்டும்: பழையன எரிக்கும் குவியலில் அத்தாளும் சேர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.